அந்தக் காலத்து டிவி உண்மையிலேயே நல்லா இருந்துச்சா?



போன சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிட்டு இருந்தோம். பூசணிக்காய் முடியறதுக்குள்ள ஒரு வாக்குவாதம். "அந்தக் காலத்து டிவி மாதிரி இப்ப எங்க இருக்கு?"ன்னு ஒரு ஆன்ட்டி ஆரம்பிச்சாங்க. கத்திரிக்காய்க்கு வரும்போது சமையல்கட்டே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. சரி, பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்னு உட்கார்ந்தோம்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15. விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொடக்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்ம தமிழர்தான். அன்னைக்கு ஒளிபரப்பு மொத்தமே ஒரு மணி நாற்பது நிமிஷம், அதுவும் கறுப்பு வெள்ளை. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவர்கள் சமூக மன்றத்துக்குப் போய், இடம் கிடைத்தால் உட்கார்ந்து, இல்லாவிட்டால் நின்றுகொண்டே பார்த்தார்கள். வண்ணம் வந்தது 1974-இல், உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தோடு.

தமிழுக்கு வருவோம். பல வருஷம் தமிழ் நிகழ்ச்சிகள் ஒளிவழி 8-இல் சீன நிகழ்ச்சிகளோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1995-இல் பிரைம் 12-க்கு மாறின, அங்கே மலாய் நிகழ்ச்சிகளோடு. 2000-இல் வசந்தம் சென்ட்ரல், அதுவும் பகிர்ந்துகொண்ட ஒளிவழிதான். வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபரில். கணக்குப் போட்டுப் பாருங்க, நமக்குன்னு முழுசா ஒரு ஒளிவழி வர 45 வருஷம் ஆச்சு!

அதனால "அந்தக் காலமே பொற்காலம்"னு எங்களால முழுசாச் சொல்ல முடியலை. கிடைச்சதே கொஞ்சம். தைப்பூசம், தீமிதி செய்தியில ஒரு நிமிஷம் வந்தா, "நம்ம கோயில், நம்ம கோயில்!"னு வீடே கத்தும். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் காட்டுவோம். ஆனா ஒண்ணு, பழைய செய்தி வாசிப்பாளர்களோட உச்சரிப்பை நாங்க விட்டுக்கொடுக்க மாட்டோம். எங்கள்ல சிலருக்கு ழகரம் வந்ததே அதைக் கேட்டுத்தான்.

ஆன்ட்டி ஏங்குறது நிகழ்ச்சிக்காக இல்லைன்னு எங்களுக்குத் தோணுது. ஒரே பெட்டி முன்னாடி பாட்டி கட்டில்ல, அப்பா நாற்காலியில, பிள்ளைங்க தரையில, கதவு திறந்திருந்ததால பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும். இப்ப ஒரே வீட்டில நாலு பேர், நாலு ஹேன்ட்போன்.

2021 தைப்பூசம் ஞாபகம் இருக்கா? கொவிட் காரணமா பாத ஊர்வலம் இல்லை, காவடி இல்லை. பால்குடத்தையும் கோயிலே தயார் பண்ணிக் கொடுத்துச்சு. பெரும்பாலானவங்க நேரலையில்தான் கும்பிட்டோம். அப்போ எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, தனியா இருக்கறவங்க, டிவி பக்கத்தில விளக்கு ஏத்தி வச்சு, புடவை மாத்திட்டு உட்கார்ந்து பார்த்தாங்களாம். பேரன் வந்துதான் நேரலையைப் போட்டுக் கொடுத்திருக்கான். அதே டிவி, ஆனா அன்னைக்கு அவங்களுக்கு அது சன்னதி.

அதுக்கப்புறம் நேரலை நம்ம கோயில்லயும் பழக்கமாயிடுச்சு. நடக்க முடியாதவங்களுக்கு அது பெரிய வரம், நிறுத்தவே கூடாது. அதே சமயம், நடக்க முடிஞ்ச சிலரும் "வீட்லயே பார்த்துக்கறேன்"னு வராம இருக்காங்க. அந்தப் பாட்டியும் இப்ப வர்றதில்லை. முட்டி வலி மட்டும் காரணம் இல்லை, கூட்டிட்டு வர ஆள் இல்லை. இது எங்க தப்பும்தான். லிங்க் அனுப்பினோம், கதவைத் தட்டலை.

வர்ற வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள்ல ரெண்டு பேர் காரோட தயாரா இருப்போம். உங்க புளோக்கில தனியா இருக்கற மூத்தோர் யாராவது கோயிலுக்கு வர ஆசைப்பட்டா, அலுவலகத்தில சொல்லி வையுங்க. நாங்க போய்க் கூட்டிட்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விடறோம். அன்னைக்குச் சாயங்காலம் பூசை முடிஞ்சதும் சுண்டல் உண்டு. பழைய டிவி கதை வச்சிருக்கறவங்க மண்டபத்தில கொஞ்ச நேரம் உட்காருங்க. ஆன்ட்டி கட்சிக்கு இன்னும் ஆள் தேவைப்படுதாம்.