தண்ணீரில் ஒரு மிளகாய்ச் சாட்சி



மழை விட்டதும் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால், நம் வீட்டுப் பெண்கள் அதைப் பிடித்து வைத்துத் தெளியவிடுவார்கள். அடியில் மண் தங்கும். மேலே கண்ணாடி போல் நீர் நிற்கும். ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, தெளிஞ்ச தண்ணியிலயும் கிருமி இருக்கும்னு சொல்றீங்களே, கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்டான். வகுப்பு மணி அடிக்கும் நேரம். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. மீதியை இன்று சொல்லலாம் என்றிருக்கிறோம்.

மனிதக் கழிவு தண்ணீரில் கலந்தால் அதோடு வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை என்று பல நோய்கள் வரும். ஒவ்வொரு நோயின் கிருமியையும் தனித்தனியே தேடுவதென்றால் நாளும் ஆகும், பணமும் ஆகும். ஆகவே அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். திருடனைப் பார்க்க முடியாவிட்டால் அவன் காலடித் தடத்தைப் பார்க்கிறோம் அல்லவா? 1885-ஆம் ஆண்டு தியோடர் எஷெரிச் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று அதற்கு அவர் பெயரே வழங்குகிறது, சுருக்கமாக ஈ.கோலை என்கிறோம். ஏறக்குறைய எல்லா மனிதர் குடலிலும் அது குடியிருக்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை. தண்ணீரில் அது இருந்தால் கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையும், அதோடு வந்த குளோரின் மருந்தும் காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல.

ஆனால் அந்தச் சாட்சி வாய் திறக்காமல் இருந்த ஒரு சம்பவம் உண்டு.

1955-ஆம் ஆண்டு யமுனை நதியில் பெருவெள்ளம் வந்து வடிந்தது. வடிந்தபோது ஆறு தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டது. டில்லி நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடம் வஜீராபாத். நஜஃப்கர் சாக்கடை அதற்குக் கீழேதான் ஆற்றில் வந்து சேரும். கீழே போக வேண்டிய சாக்கடை நீர் அந்த நவம்பர் மாதத்தில் சில நாட்கள் பின்னோக்கி எதிர்த்து வந்து, குடிநீர் எடுக்கும் இடத்திலேயே கலந்தது. நீர்நிலையத்தில் இருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை. குளோரினைக் கூட்டினார்கள். அதற்குப் பலனும் இருந்தது; டைபாய்டும் சீதபேதியும் நகரில் பெருகவில்லை. பாக்டீரியாக்கள் மடிந்துவிட்டன. ஆபத்து நீங்கிற்று என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

சில வாரங்கள் கழிந்தன. டிசம்பரிலும் ஜனவரியிலும் டில்லி மக்களுக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தொடங்கின. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை! அந்த நோயைத் தருவது பாக்டீரியா அல்ல. அதைவிடப் பன்மடங்கு சிறிய வைரஸ், அதாவது நச்சுயிரி. ஈ.கோலையைக் கொன்ற குளோரின் அதைக் கொல்லவில்லை.

அது எந்த வைரஸ் என்று தெரிய நெடுங்காலம் ஆயிற்று. பாதுகாத்து வைத்திருந்த பழைய இரத்த நீரை 1980-இல் சோதித்தபோது, அது அப்போது தெரிந்திருந்த ஏ வகைக் காமாலை அல்ல என்று புரிந்தது. சோவியத் அறிஞர் மிகாயில் பலயான், நோயாளிகளின் மலச்சாற்றைத் தாமே விழுங்கி, நோயில் விழுந்து, தம் கழிவிலிருந்தே அந்த வைரஸைக் கண்டு 1983-இல் வெளியிட்டார். துணிச்சல் என்பதா, வேறென்ன என்பதா, நமக்குத் தெரியவில்லை! இன்று அதற்கு ஹெப்பாடைட்டிஸ் ஈ என்று பெயர். கர்ப்பிணிப் பெண்களுக்கு இது மிகவும் கொடியது.

டில்லியில் சாட்சி மௌனமாக இருந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது வீணாகக் கத்துவதும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஆய்ந்து பார்த்தபோது, சாக்கடையே கலக்காத ஓடைகளிலும் ஈ.கோலை ஏராளமாக இருந்தது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிலேயே அது பெருகி, மழையோடு ஓடைக்கு வந்துவிடுகிறது. குளிர் நாட்டில் வகுத்த விதி நம் மண்ணுக்கு அப்படியே ஒத்துவரவில்லை.

வைரஸுக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஒரு வைரஸைத்தான் பிடிக்க வேண்டும். அது மனிதனுக்குக் கெடுதல் செய்யாததாகவும் இருக்க வேண்டும். முதலில் கிடைத்தவை பாக்டீரியாவையே தின்று வாழும் வைரஸ்கள். 1915-இல் இங்கிலாந்தில் டுவர்ட் என்பவரும், 1917-இல் பாரிசில் டெரெல் என்பவரும் இவற்றைத் தனித்தனியே கண்டார்கள். ஈ.கோலையைத் தாக்கும் வகைக்குக் கோலிஃபேஜ் என்று பெயர். சோதனை எளிது. தட்டு நிறைய ஈ.கோலையை வளர்த்து, அதில் சோதிக்கும் நீரைச் சேர்ப்பார்கள். வைரஸ் விழுந்த இடத்தில் பாக்டீரியா மடிந்து வட்டமாக ஒரு தெளிந்த புள்ளி தோன்றும். வெறுங்கண்ணாலேயே எண்ணிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் இயற்றிய குடிநீர்ச் சட்டத்தில் கோலிஃபேஜுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

இனி மிளகாய்க்கு வருவோம். இதில் நம் பக்கத்து நாட்டுக்கும் பங்கு உண்டு.

சிங்கப்பூரின் மரபணு ஆய்வுக் கழகத்தாரும் அமெரிக்காவின் சான் டியேகோ நகர அறிஞர்களும் சேர்ந்து, நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் மலத்தில் என்னென்ன வைரஸ்கள் இருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். மனிதனைப் பிடிக்கும் வைரஸ்கள் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். 2006-இல் முடிவு வெளியானபோது, கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை செடிகளின் வைரஸ்கள்! அவற்றுள் முதலிடம் மிளகாய்ச் செடியைப் பிடிக்கும் ஒரு தேமல் வைரஸுக்கு. இது வந்தால் மிளகாய் இலையில் வெளிறிய திட்டுகள் விழும். காய் சிறுத்துக் கோணலாகும். உலகில் முதன்முதலாக அறியப்பட்ட வைரஸான புகையிலைத் தேமல் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு.

மலத்தில் எப்படி வந்தது? நாம் தின்ற மிளகாய்தான். கடையில் விற்கும் மிளகாய்த் தூளிலும் மிளகாய்ச் சாந்திலும் அந்த வைரஸ் இருந்தது. உலர்ந்த மலம் ஒரு கிராமில் நூறு கோடி வரை! அரைத்தாலும், இரைப்பையின் அமிலத்தில் ஊறினாலும் அது அழிவதில்லை. மனிதக் குடலைக் கடந்து வந்த வைரஸை எடுத்து மிளகாய்ச் செடியில் தடவினார்கள். செடிக்கு நோய் கண்டது. அத்தனை கெட்டியானது. ஆனால் மனித உடலில் அது பெருகுவதில்லை. வழிப்போக்கன் போல் வந்து போய்விடுகிறது.

இந்தக் கெட்டித்தனமே அதைச் சாட்சியாக்கிற்று. 2009-இல் அமெரிக்காவில் பல ஊர்ச் சாக்கடைகளைச் சோதித்தபோது, சுத்திகரிக்காத கழிவுநீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இந்த வைரஸ் இருந்தது. கழிவு கலந்த கடல் நீரிலும் இருந்தது. விலங்குகளின் கழிவில் பெரும்பாலும் இல்லை. கோழியிடமும் கடற்பறவையிடமும் மட்டும் தென்பட்டது. அதாவது, ஓடையில் இது கிடைத்தால், வந்தது மாட்டுத் தொழுவத்திலிருந்து அல்ல, மனிதர் கழிவிலிருந்து என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 2020-இல் கோவிட் நோய் பரவியபோது, சாக்கடை நீரில் அந்நோயின் வைரஸைத் தேடிய பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் மிளகாய் வைரஸை அளவுகோலாக வைத்துக்கொண்டன. மழை பெய்து சாக்கடை நீர்த்துப்போனாலும், அதில் மனிதக் கழிவு எவ்வளவு என்று இது காட்டிக்கொடுக்கும்.

குறையும் உண்டு. நோய் தரும் வைரஸ்கள் செத்த பிறகும் இது நீரில் நெடுநாள் கிடக்கும். அன்றியும், மரபணுவைத் தேடும் இந்தச் சோதனை, உயிருள்ள வைரஸ் எது, செத்தது எது என்று பிரித்துச் சொல்லாது. இயந்திரமும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். ஈ.கோலைச் சோதனைபோல் ஒரு குப்பியை வைத்துக்கொண்டு எங்கும் செய்துவிட முடியாது. ஆகையால் ஈ.கோலை இன்னும் பதவியிழக்கவில்லை.

இதையெல்லாம் அந்த மாணவனிடம் ஒரு சனிக்கிழமை சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொளகாயே சாப்பிடாத ஊர்ல என்ன ஐயா செய்வாங்க?" என்று கேட்டான். அறிஞர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். உணவுப் பழக்கத்தைப் பொறுத்து இந்த வைரஸின் அளவு கூடும், குறையும். அதனால் இதோடு வேறொரு சாட்சியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2014-இல் கண்டறியப்பட்ட அதற்குக் கிராஸ்ஃபேஜ் என்று பெயர். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவைத் தின்பது அது. மிளகாய் தின்றாலும் தின்னாவிட்டாலும் உலகெங்கும் மக்கள் குடலில் இருக்கிறது.