நிஜாம் நாட்டில் திருச்சபை ஒன்றிப்பு

இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மேதக்குப் பேராயத்தில், அதாவது ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின் தொகுதியில், 1813ஆம் ஆண்டின் சிகந்திராபாத் புனித யோவான் ஆலயமும் வெஸ்லி ஆலயமும் ஒருசேர அடங்குவது, ஆங்கிலிக்க, மெதடிஸ்ட் மரபுகள் தனித்தனியே இயங்கிய காலத்தில் எண்ணிப் பார்க்கவும் அரிதாயிருந்தது. அம்மாற்றத்துக்கு வழியமைத்தவர்களுள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1903இல் உருவான நெல்லை இந்திய மிஷனெரி சங்கத்தின் பணியாளராகத் நிஜாம் ஆண்ட ஐதராபாத் நாட்டின் தெலுங்கு பேசும் பகுதிக்கு வந்த அவர், 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராக, முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராக, அருட்பொழிவு பெற்றார். குவிமாடங்களும் கோயில் தூண்களின் சாயலும் இணையுமாறு அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் அவரது திருப்பணியின் நோக்கைக் கல்லிலேயே காட்டுகிறது.

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்புப் பேச்சு ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீண்டதற்குக் காரணம், பேராயரால் திருநிலைப்படுத்தப்படாத போதகர்களை, அதாவது அவர் கைவைத்து ஊழியத்துக்கு ஏற்படுத்தாதவர்களை, ஏற்பதா என்னும் கடினமான வினாவே. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தோரை மறுதிருநிலைப்பாடின்றி ஏற்று, இனிவருவோரைப் பேராயரே ஏற்படுத்துவது என்று முடிவானது. தங்கள் மரபின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க இருதரப்பும் துணிந்தது விசுவாசத்தின் பெருஞ்செயல். 1945 ஜனவரி 1ஆம் நாள் மறைந்த அசரியா, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டதைக் காணவில்லை.