பிழை திருத்தம் பிறந்த கதை



‘கீழ்க்காணும் வாக்கியங்களிலுள்ள பிழைகளைத் திருத்துக’ என்னும் வினாவை ஆங்கிலத் தேர்வில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

முற்காலத்து இங்கிலாந்துப் பள்ளிகளில் இலக்கணம் என்றால் பெரும்பாலும் இலத்தீன் இலக்கணமே. பிழைபட்ட இலத்தீன் தொடர்களைத் தந்து திருத்தச் சொல்லும் பயிற்சி அங்கே இருந்தது. அம்முறையை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்த முன்னோடி ஓர் அம்மையார். நியூகாசில் நகரைச் சேர்ந்த ஆன் ஃபிஷர் என்னும் ஆசிரியை, தம் இலக்கண நூலின் 1750ஆம் ஆண்டுப் பதிப்பில் பிழையான ஆங்கிலத் தொடர்களைப் பயிற்சியாக அமைத்தார்.

1762இல், பின்னாளில் இலண்டன் ஆயரான இராபர்ட் லௌத் ஓர் இலக்கணம் வெளியிட்டார். அதன் அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் ஆகியோரின் தொடர்களிலேயே பிழை காட்டினார்! 1797இல் லிண்ட்லி மர்ரி என்பார் பிழைத் தொடர்கள் நிறைந்த தனிப் பயிற்சி நூலையே இயற்றினார். இங்ஙனம் அவ்வினா பள்ளிகளில் வேரூன்றியது.

நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். ‘யூ வாஸ்’ என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் கோடிட்டேன். “ஒருவரைத்தானே குறிக்கிறது, ‘யூ வேர்’ என்று ஏன் எழுத வேண்டும், ஐயா?” என்றான். “விதி அப்படி” என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். அவன் முகம் வாடியது.

பின்னர்த்தான் அறிந்தேன்: 18ஆம் நூற்றாண்டில், ஒருவரைக் குறிக்கும்போது ‘யூ வாஸ்’ என்று கற்றோரும் எழுதினர். அதனைக் கடிந்தவர்களுள் லௌத்தும் ஒருவர். ‘யூ’ என்பது முதலில் பன்மைச் சொல். நாம் ஒருவரை மரியாதையாக ‘நீங்கள்’ என்பதுபோல, அதுவும் ஒருவரைக் குறிக்கலாயிற்று. ‘நீங்கள் வந்தாய்’ என்று நாம் சொல்வதில்லை. ‘வந்தீர்கள்’ என்றே முடிக்கிறோம். அவ்வாறே ‘யூ வேர்’ என்பதும் நிலைபெற்றது.

இதனை அன்றே சொல்லியிருந்தால், அவன் விதியையும் கற்றிருப்பான். தன் ஐயம் அறிவுடையது என்பதையும் உணர்ந்திருப்பான்.

மாணவர்களே, விதியைப் பேணுங்கள். தேர்விலும் திருந்திய வழக்கையே எழுதுங்கள். ஆயினும் பிழை கண்டு நாணாதீர்கள். ‘ஏன்?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடித் தருவது ஆசிரியர் கடமை.