ஒளியிழை விசை உணரி

ஒளியிழை விசை உணரி என்பது பொறிகளிலும் கட்டமைப்புகளிலும் செயற்படும் இழுவிசை, அமுக்குவிசை, முறுக்குவிசை முதலியவற்றை ஒளியின் துணைகொண்டு அளக்கும் கருவி ஆகும். தொலைத்தொடர்பில் பயன்படும் கண்ணாடி இழையே இதன் அடிப்படைப் பொருள். விசைக்கு உட்படும் உறுப்பு சிறிதளவு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. அதனோடு ஒட்டப்பட்ட இழையும் அவ்வாறே மாறுவதால், இழையினூடே செல்லும் ஒளியின் பண்பும் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து விசை கணிக்கப்படுகிறது. இவ்வகை உணரிகளுள் பரவலாக அறியப்பட்டது இழை பிராக் கீற்றணி ஆகும்.

தேவை

விசையை அளப்பதற்கு, 1938இல் அமெரிக்காவில் உருவான மின்தடைத் திரிபு அளவிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. உலோகக் கம்பி நீளும்போது அதன் மின்தடை மாறுவதே இவற்றின் அடிப்படை. இவை மலிவானவை; துல்லியமானவை. எனினும் இவற்றிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மின்னாக்கி, மின்மாற்றி போன்றவற்றின் அருகே வலிய மின்காந்தப் புலம் நிலவுவதால் அளவீட்டில் இரைச்சல் கலந்துவிடும். ஒவ்வோர் அளவிக்கும் தனித்தனிக் கம்பிகளும் வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் இவ்விரைச்சல் அதைத் தாக்குவதில்லை.

அமைப்பும் செயற்பாடும்

ஒளியிழை, உள்ளகம், மேலுறை என்னும் இரு கண்ணாடிப் பகுதிகளால் ஆனது. மேலுறையின் விட்டம் பொதுவாக 125 மைக்ரோமீட்டர். உள்ளகத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒளிவிலகல் எண் சீரான இடைவெளியில் கூடியும் குறைந்தும் அமையுமாறு செய்யப்படும் பகுதியே பிராக் கீற்றணி. இதன் ஒவ்வொரு வரியும் ஒளியின் மிகச் சிறு பகுதியை எதிரொளிக்கிறது. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் இவ்வெதிரொளிகள் ஒன்றுகூடி வலுப்பெற்றுத் திரும்புகின்றன. ஏனைய அலைநீளங்கள் தடையின்றி அப்பால் செல்கின்றன.

திரும்பும் அலைநீளம், ஒளிவிலகல் எண்ணையும் வரி இடைவெளியையும் பெருக்கி இரட்டிப்பதால் கிடைக்கும். ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45, இடைவெளி 0.535 மைக்ரோமீட்டர் எனில் அலைநீளம் ஏறத்தாழ 1550 நானோமீட்டர் ஆகும்.

இழை நீளும்போது வரி இடைவெளி கூடுகிறது. ஒளிவிலகல் எண் சற்றுக் குறைகிறது. இரண்டின் கூட்டு விளைவாக, நீளத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் ஏற்பட்டால் அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகரும். ஒரு பிக்கோமீட்டர் என்பது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வரலாறு

1978இல் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தில் கென்னத் ஹில்லும் உடன் ஆய்வாளர்களும் ஜெர்மானியம் கலந்த இழையினுள் ஆர்கன் லேசர் ஒளியைச் செலுத்தினர். திரும்பிவரும் ஒளி நேரம் செல்லச் செல்லக் கூடுவதைக் கண்டனர். இழையினுள் எதிரெதிராகச் சென்ற ஒளியலைகள் தம் கோலத்தை உள்ளகத்தில் நிலையாகப் பதித்திருந்தன. ஆயினும் அக்கீற்றணி, பதித்த ஒளியின் அலைநீளத்துக்கு மட்டுமே பொருந்தியது.

1989இல் அமெரிக்காவில் கெரால்ட் மெல்ட்ஸ் குழுவினர், இரு புற ஊதாக் கற்றைகளை இழையின் பக்கவாட்டிலிருந்து செலுத்திக் கீற்றணியைப் பதித்தனர். கற்றைகளுக்கு இடையிலான கோணத்தை மாற்றி, வேண்டிய வரி இடைவெளியைப் பெற இம்முறை வழிசெய்தது. 1993இல் வெளியான கட்ட மறைப்புத் தகடு முறை, ஒரே மாதிரியான கீற்றணிகளை மீண்டும் மீண்டும் உருவாக்குவதை எளிதாக்கியது.

விசையும் வெப்பநிலையும்

இவ்வுணரி விசையை நேரடியாக அளப்பதில்லை. இழையின் நீட்சியையே அளக்கிறது. எடுத்துக்காட்டாக, 1000 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புடைய எஃகுத் தண்டை 20,000 நியூட்டன் விசை இழுக்கிறது எனக் கொள்வோம். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல் ஆதலால், தண்டு பத்து இலட்சத்தில் 100 பங்கு நீளும். அலைநீளம் ஏறத்தாழ 120 பிக்கோமீட்டர் நகரும்.

வெப்பநிலையும் அலைநீளத்தை நகர்த்தும். தனி இழையில் 1 பாகை செல்சியஸ் உயர்வுக்கு நகர்வு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர். எஃகில் ஒட்டிய இழையில், எஃகு விரிவடைவதும் சேர்ந்து இது இருமடங்கைத் தாண்டுகிறது. ஆகவே மேற்கூறிய தண்டு 5 பாகை சூடேறினாலே, சுமை ஏதுமின்றி, 20,000 நியூட்டன் விசை செயற்படுவதுபோல் கருவி காட்டக்கூடும். நண்பகல் வெயிலைச் சுமை எனக் கொள்ளும் இப்பிழையை நீக்காத அளவீடு பயனற்றது.

இதனைத் தவிர்க்க, விசை தாக்காதவாறு சிறு குழாயினுள் தளர்வாக வைத்த இரண்டாவது கீற்றணி அருகே பொருத்தப்படும். அது வெப்பநிலையை மட்டும் காட்டுவதால், அதன் துணைகொண்டு பிழை கழிக்கப்படும். வளைவை அளக்கும்போது உறுப்பின் இரு எதிர்ப்பக்கங்களில் கீற்றணிகள் ஒட்டப்படும். ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும். வெப்பநிலை சீராக இருப்பின் அதன் விளைவு இரண்டிலும் ஒன்றே. இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் வெப்பநிலையின் பங்கு நீங்கிவிடும்.

பிற வகைகள்

* நுண்வளைவு உணரி: பற்களுடைய இரு தகடுகளுக்கு இடையே இழை அழுத்தப்படும். வளைவுகளில் ஒளி கசிவதால் செறிவு குறையும்.
* ஃபேப்ரி-பெரோ உணரி: இரு இழை முனைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி மாறுவதை ஒளியின் குறுக்கீட்டு விளைவால் அளக்கும்.
* பிரில்லூவன் சிதறல் உணரி: இழை முழுவதுமே உணரியாகச் செயற்படும். நீண்ட குழாய்த் தொடர்களுக்கு ஏற்றது.

பயன்பாடுகள்

காற்றாலை இறகுகளின் அடிப்பகுதியில் கீற்றணிகள் பொருத்தப்பட்டு வளைவுத் திருப்புத்திறன் அளக்கப்படுகிறது. மின்னல் தாக்கும் வாய்ப்புள்ள இறகினுள் உலோகக் கம்பி வேண்டாதிருப்பது இங்குப் பெரும் நன்மை. பாலங்களின் தொங்கு வடங்கள், மின்னாக்கிகள், சுரங்க ஆணிகள் ஆகியவற்றிலும் இவை பயன்படுகின்றன. வெவ்வேறு அலைநீளமுடைய பல கீற்றணிகளை ஒரே இழையில் அமைத்துப் பல இடங்களை ஒருங்கே அளக்க இயலும்.

குறைபாடுகள்

அலைநீளத்தைப் படிக்கும் கருவி விலை மிகுந்தது. கூர்மையாக வளைத்தால் இழை முறியும். ஒட்டும் பசை நாளடைவில் தளர்ந்தால் நீட்சி முழுமையாக இழையைச் சென்றடையாது. கருவி மெய்யான விசையைவிடக் குறைவாகவே காட்டும். சில நூறு பாகை வெப்பநிலைக்கு மேல் சாதாரணக் கீற்றணிகள் படிப்படியாக அழிந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

* ஒளியிழை
* பிராக் விதி
* யங் குணகம்