குளிர்காலத்தைக் கூடவே கொண்டுபோக முடியுமா? வெப்ப ஊர்களுக்குக் குடியேறிய போன்சாய்

போன்சாய் என்றதும் நம்மில் பலருக்கு வீட்டு மேசையில் வைக்கும் அலங்காரப் பொருள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜப்பானில் அது வீட்டுக்கு வெளியே வளரும் மரம். வெயில், மழை, பனி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதான் நூறு, இருநூறு ஆண்டுகள் வாழ்கிறது. அப்படிப்பட்ட மரத்தைக் குளிர்காலமே சரியாக இல்லாத ஊருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

முதலில் கொஞ்சம் தாவரவியல். மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்காலத்தில் மொட்டுகளை மூடிக்கொண்டு உறங்கப் போகின்றன. அந்த மொட்டுகள் மறுபடி ஒழுங்காகத் திறக்க வெறும் வெயில் போதாது. அதற்கு முன் பல வாரக் குளிரை மரம் கடந்திருக்க வேண்டும். குளிர்காலத்தின் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து துளிர்த்துவிடாமல் இருக்க, மரம் போட்டு வைத்திருக்கும் பூட்டு இது. ஆப்பிளின் பல ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 1000 மணி நேரம் தேவை. சென்னையில் ஆப்பிள் தோட்டம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர் கிடைக்காத மரம் உடனே சாவதில்லை. முதல் ஆண்டு பழைய சேமிப்பை வைத்துத் துளிர்க்கும். வளர்ப்பவருக்கும் சந்தோஷம். அடுத்த ஆண்டு சில கிளைகளில் மட்டும், அதுவும் முன்னும் பின்னுமாகத் துளிர் வரும். பிறகு மெலிந்துகொண்டே போகும். சின்னத் தட்டில் வாழும் மரத்துக்குச் சேமிப்பும் குறைவுதானே!

1878 பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானியக் குட்டி மரங்களை ஐரோப்பியர்கள் வியந்து பார்த்தார்கள். 1890-களிலிருந்து யோகோஹாமா நர்சரி நிறுவனம் கப்பலில் இவற்றை ஏற்றுமதி செய்தது. அமெரிக்கத் தூதராக ஜப்பானில் இருந்த லார்ஸ் ஆண்டர்சன் 1913-இல் அங்கிருந்து வாங்கி வந்த மரங்களில் சில இன்றும் பாஸ்டனில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பாஸ்டனில் பிரச்சினை தலைகீழ். அங்கே குளிர் அதிகம். அதனால் உறைநிலைக்குச் சற்று மேலே வெப்பம் வைக்கப்பட்ட அறையில் அவை குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

உண்மையான சோதனை கலிபோர்னியாவிலும் ஹவாயிலும்தான் நடந்தது. காரணம், ஜப்பானிய மக்கள் பெருமளவில் குடியேறிய இடங்கள் அவை. 1885 முதல் ஆயிரக்கணக்கானோர் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். தமிழர்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன கதை நமக்குத் தெரியும். அதே போன்ற கதைதான்.

கலிபோர்னியாவின் மேப்பிள் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1915-இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து வந்த மரம் அது. மிதமான குளிரே போதும் என்கிற இனம். டோமோட்டோ என்ற நர்சரிக் குடும்பம் அதை வாங்கியது. 1942-இல் மேற்குக் கடற்கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது அந்தக் குடும்பமும் போக வேண்டியதாயிற்று. கவனிக்க ஆளில்லாத மரம் பெட்டியின் அடி வழியாக வேரை மண்ணுக்குள் இறக்கிப் பிழைத்துக்கொண்டது. இன்று அது வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பசிபிக் போன்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து ஜான் நாகா (1914–2004). கொலராடோவில் பிறந்து, சிறுவயதில் ஜப்பான் சென்று தாத்தாவிடம் இந்தக் கலையைக் கற்றவர். 1946-இல் குளிரான கொலராடோவை விட்டு லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். ஜப்பானின் மலை மரங்களுக்கு அந்த ஊர் ஒத்துவராது. அதற்காக அவர் கலையைக் கைவிடவில்லை. மொஹாவே பாலைவனத்தில் வெயிலிலும் காற்றிலும் முறுகிக் கிடந்த கலிபோர்னியா ஜூனிபர் மரங்களைத் தட்டுக்குக் கொண்டுவந்தார். உலகெங்கும் பயணம் செய்து பாடம் நடத்தியபோதும், உங்கள் மண்ணில் வளரும் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய அறிவுரை.

ஹவாயில் ஹாருவோ கனேஷிரோ இதே வழியில் போனார். மற்றவர்கள் பைன்தான் போன்சாய் என்று நினைத்த காலத்தில், ஆலமரத்தின் உறவான சீன ஆலை அவர் சிறு தொட்டியில் பழக்கினார். வெப்ப நாட்டு மரம் உறங்குவதில்லை. ஆண்டு முழுதும் வளரும். எனவே வெட்டும் முறை, வேர் கத்தரிக்கும் காலம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர் வளர்த்த சீன ஆல் ஒன்று பின்னாளில் தலைநகர் வாஷிங்டனின் தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே பனி அதற்கு ஆகாது! கண்ணாடிக் கூடம் தேவைப்பட்டது. அங்குள்ள வெப்பமண்டல மரங்களுக்கான கூடத்துக்குக் கனேஷிரோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானுக்கு இந்தக் கலையைத் தந்த சீனாவிலும் இதே பாடம் உண்டு. வெப்பமான குவாங்டாங் பகுதியில், கம்பி கட்டி வளைப்பதைவிட, வளரவிட்டு வெட்டி மறுபடி வளரவிடும் முறை தனிப்பாணியாகவே உருவானது. அங்கே பயன்படும் மரங்களில் ஒன்று நம் கறிவேப்பிலையின் நெருங்கிய சொந்தம்.

இன்றும் சிலர் வெப்ப ஊர்களில் இலையுதிர்ந்த மேப்பிளைச் சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிர்காலத்தை நடிக்கிறார்கள். இலை இல்லாததால் அப்போது வெளிச்சமும் தேவையில்லை. ஆனால் ஆண்டுதோறும் இப்படி ஒரு மரத்தை ஏமாற்றிக் காப்பாற்றுவது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

நாகாவும் கனேஷிரோவும் ஜப்பானின் குளிர்காலத்தைக் கூடவே கொண்டுவர முயலவில்லை. கண்ணையும் கையையும் மட்டும் கொண்டுவந்தார்கள். மரத்தை வந்த இடத்தில் தேடிக்கொண்டார்கள். நம் வீட்டு மொட்டைமாடிச் சுவர் விரிசலில் யாரும் நடாமலே முளைத்து நிற்கும் ஆலங்கன்றைப் பிடுங்கி எறியும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நமக்கான போன்சாய் அங்கேயே காத்திருக்கலாம்.