நாகர்கோவில் அச்சகமும் அதன் எழுத்தும்

எல்.எம்.எஸ். அச்சகம் என்றால் நாகர்கோவிலில் பழைய ஆட்களுக்குத் தெரியும். லண்டன் மிஷன் சங்கத்துக்காக 1818இல் இங்கு வந்த சார்லஸ் மீட் பாதிரியார், 1820ஐ ஒட்டி அதைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக்கும் ஆலயத்துக்கும் தமிழ்ப் புத்தகம் வேண்டியிருந்தது. கையால் எழுதிக் கட்டுப்படியாகாது. கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி பாதிரியார் மலையாள அச்சுக்கு வழி செய்ததும் இதே காலத்தில்தான். அப்போது இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் அச்சகம் 1836இல்தான் வந்தது.

அச்சு நம் கரைக்கு அதற்கும் முன்பே பழக்கம். கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் அச்சேறியது. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் எழுத்தாணி இழுத்த வடிவைத்தான் உலோகத்தில் வார்த்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தாளின் பின்புறம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் மை சற்றே தடித்து நிற்கிறது. 'லை' துதிக்கை தூக்கி நிற்கிறது. 'றா', 'னா' இரண்டுக்கும் தனிக்கால் இல்லை. எழுத்தோடு சேர்ந்தே சுழிகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரின் எழுத்துப் பெட்டியில் தனிக் குழி இருந்தது. பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் கைவிட்ட இந்த வடிவங்களை, தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்டு நீக்கியது. கற்பவர்களுக்கு அது நல்ல மாற்றம். பழைய வடிவத்தின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை.

இந்த எழுத்துகளைக் கணினியில் மீட்க முடியும். ஆங்கிலேய எழுத்து வார்ப்பாளர் வில்லியம் காஸ்லனின் எழுத்தில் 1734 முதல் 1770 வரை அச்சான மாதிரித் தாள்களைப் பார்த்து, கரோல் ட்வாம்ப்ளி 1990இல் அடோபி காஸ்லன் எழுத்துருவை வரைந்தார். நமக்கும் வழி திறந்தே இருக்கிறது. யூனிகோடில் 'லை'க்கான குறியீடு பழசுக்கும் புதுசுக்கும் ஒன்றுதான். எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆனால் மை பரவியதையெல்லாம் எழுத்தின் உடம்பு என்று எண்ணி வரைந்துவிடக் கூடாது. ஒரே 'க'வைப் பல பக்கங்களில் எடுத்து ஒப்பிட வேண்டும். எல்லா இடத்திலும் வருவது வார்ப்பு; ஓரிடத்தில் மட்டும் வருவது மை.

அதற்குப் பழைய அச்சுத் தாள் வேண்டும். பரணில் கிடக்கும் ஞானப்பாட்டுப் புத்தகத்தையோ கலியாண அழைப்பையோ எடைக்குப் போடும் முன், அச்சகத்தின் பெயருள்ள பக்கத்தோடு சேர்த்துத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள்.