ஹிமாலயன் டிரஸ்ட்

ஹிமாலயன் டிரஸ்ட் என்பது, நேபாளத்தின் வடகிழக்கே எவரெஸ்ட் சிகரத்தைத் தன் எல்லையில் கொண்ட சோலுகும்பு மாவட்டத்தில் வாழும் ஷெர்ப்பா மக்களுக்கும் அவர்தம் அயலாருக்கும் கல்வியும் வைத்திய வசதியும் கிட்டச் செய்யும் நோக்கத்துடன், நியூஸிலாந்தைச் சேர்ந்த ஸர் எட்மண்ட் ஹில்லரி 1960-ஆம் ஆண்டில் தோற்றுவித்த தர்ம ஸ்தாபனம் ஆகும்.

தோற்றம்

1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயுடன் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை அடைந்த ஹில்லரி, பின்னரும் அப்பிரதேசத்துக்குச் சென்று தங்கியபோது, வெளிநாட்டு மலையேறிகளுக்காகச் சுமை தூக்கியும் வழி காட்டியும் உயிரையே பணயம் வைத்து வந்த அம்மக்களின் கிராமங்களில் ஒரு பாடசாலையோ வைத்தியசாலையோ இல்லாதிருந்ததைக் கண்டார். அவர்களுக்குத் தேவையானது யாது என்று அவர் வினவியபோது, ஊர்ப் பெரியோர்கள் பொன்னையும் பொருளையும் வேண்டாது, தங்கள் குழந்தைகளுக்கு எழுத்தறிவையே வேண்டினர். மக்களே கேட்டதைச் செய்வது, அதற்கு அவர்களுடைய உழைப்பையும் பங்காகப் பெறுவது என்னும் இரு நியதிகளும் அன்று முதல் இந்த ஸ்தாபனத்தின் ஆதார சுருதியாக அமைந்தன.

கல்விப் பணி

1961-இல், கல்கத்தாவிலிருந்த ஓர் அலுமினியக் கம்பெனி நன்கொடையாக அளித்த தகடுகளைக் கொண்டு, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,790 மீட்டர் உயரத்திலுள்ள கும்ஜுங் கிராமத்தில் முதற் பாடசாலை நிர்மாணிக்கப்பெற்றது. அதன் பயனைக் கண்ட மற்றக் கிராமங்களும் விண்ணப்பிக்கவே, பாடசாலைகள் பல்கின. சாலையில்லாத அம்மலைகளில் மரமும் தகரமும் ‘நாம்லோ’ என்னும் நெற்றிப்பட்டையில் தொங்கும் ‘டோகோ’ எனப்படும் முதுகுக்கூடையில் ஏறியே வந்து சேர வேண்டியிருந்தது. இந்தச் சிரமத்தைக் குறைக்கும் பொருட்டு 1964-இல் லூக்லாவில் விமானத்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. வெட்டிச் சமன் செய்த மண்ணைக் கெட்டிப்படுத்துவதற்கு இயந்திரம் ஏதுமின்மையால், ஷெர்ப்பாக்கள் வரிசையாகக் கைகோத்து ஆடிய நடனத்தின் காலடிகளாலேயே அது இறுக்கப்பட்டது.

வைத்தியப் பணி

1966-இல் குண்டே கிராமத்தில் நிறுவப்பெற்ற வைத்தியசாலையே இந்த ஸ்தாபனத்தின் மிகச் சிறந்த சாதனை எனலாம். பனியும் மழையும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துச் சென்றுவிட்டமையாலும், திபெத்திலிருந்து வந்த உப்பிலும் அச்சத்து அருகியே இருந்தமையாலும், அங்கே கழுத்தில் கழலை இல்லாதவரைக் காண்பது அரிதாயிருந்தது. கருவிலேயே அக்குறையால் பீடிக்கப்பட்ட குழந்தைகள் செவிடும் ஊமையுமாய், அறிவு வளர்ச்சி குன்றியவர்களாய்ப் பிறந்தனர். ஒரு முறை தசையில் செலுத்தினால் உடலில் தங்கிப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுக அயோடினை அளிக்கக்கூடிய எண்ணெய் ஊசியை வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்று போட்டனர். அதன் விளைவாக அத்தகைய குழந்தைகள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோயிற்று.

1975 மார்ச் 31 அன்று, பாப்லுவில் நடைபெற்று வந்த வைத்தியசாலைக் கட்டுமானத்தில் ஈடுபட்டிருந்த கணவரிடம் சென்றுகொண்டிருந்த ஹில்லரியின் மனைவி லூயிஸும் மகள் பெலிண்டாவும் காட்மாண்டுவின் அருகே விமான விபத்தில் மாண்டனர். ஆற்றொணாத் துயரத்திலும் ஹில்லரி அப்பணியைக் கைவிடவில்லை.

பிற பணிகள்

லூக்லாவின் வழியே யாத்திரிகர்கள் பெருகியதும் விறகுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. தான் திறந்த வழியால் நேர்ந்த இத்தீங்குக்குப் பரிகாரம் தேடுவதும் தன் கடமையே எனக் கொண்ட ஸ்தாபனம், 1976-இல் சாகர்மாதா தேசியப் பூங்கா ஏற்பட்ட பின்னர் நாற்றுப்பண்ணைகள் அமைத்து மரங்களை வளர்த்தது. 1989-இல் தீக்கிரையான தெங்போச்சே பௌத்த மடத்தின் புனர்நிர்மாணத்துக்கும், 2015-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்த வகுப்பறைகளை மீண்டும் கட்டுவதற்கும் அது துணைநின்றது.

மதிப்பீடு

பரோபகாரம் ஏற்போரை என்றும் ஏற்போராகவே வைத்திருக்குமாயின் அது நிறைவுறாத தர்மமே ஆகும். ஹில்லரி 2008 ஜனவரி 11 அன்று காலமாவதற்கு முன்பே, கும்ஜுங் பாடசாலையில் பயின்று, குண்டேயில் வைத்திய உதவியாளராகப் பல்லாண்டு உழைத்து, பின்னர் வெளிநாடு சென்று வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷெர்ப்பா ஒருவர் அவ்வைத்தியசாலையின் தலைமையை ஏற்றார். அந்நியர் தொடங்கிய பணியை அவ்வூர் மக்களே நடத்தும் ஆற்றல் பெற்றமை, இந்தச் சிறிய ஸ்தாபனத்தின் பெருமைக்குத் தக்க சான்றாகும்.